தாத்தாவின் அமெரிக்கப் பதக்கம்: ஆதாரம் கிடைத்தது லண்டன் கெஜட்டில்

இரண்டாம் உலகப் போரில் உங்கள் தாத்தாவுக்கு வெளிநாட்டு அரசு ஏதாவது பதக்கம் கொடுத்ததாக வீட்டில் பேச்சு இருந்தால், பதக்கம் கொடுத்த நாட்டுக்குக் கடிதம் எழுதுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

தாத்தா பொறியாளர் படையில் சுபேதார். அசாமின் லெடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனா வரை அமெரிக்கர்கள் போட்ட சாலையில் அவருடைய கம்பெனியும் வேலை பார்த்தது. அவர் வைத்துவிட்டுப் போனது அமெரிக்க வெண்கல நட்சத்திரப் பதக்கம். சிவப்பு ரிப்பன், நடுவில் நீலக்கோடு. பின்பக்கம் பெயர் பொறிக்க விட்டிருக்கும் இடம் காலி. பெயரில்லாத இந்த மாதிரிப் பதக்கத்தை யாரும் கடையில் வாங்கிவிடலாம், அதனால் தாள் இல்லாமல் அது யாருக்கும் எதையும் நிரூபிக்காது.

முதலில் போன அலுவலகத்தில் தாத்தாவின் படை எண் கேட்டார்கள். டிஸ்சார்ஜ் சான்றிதழில் இருந்தது, கொடுத்தோம். அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் அங்கிருந்த எழுத்தர் “இந்தியர் வெளிநாட்டுப் பட்டம் வாங்கக் கூடாது, அரசியலமைப்புப் பிரிவு 18” என்று சொல்லி மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் பிரிவு பேசுவது பட்டத்தைப் பற்றி. அதோடு அரசியலமைப்பு அமலுக்கு வந்தது 1950 ஜனவரி 26-இல். போர்க்காலத்தில் கொடுத்த பதக்கத்தை அது எப்படித் தடுக்கும்? இதைச் சொன்னதற்கு, மேலதிகாரி விடுப்பில் இருக்கிறார், அப்புறம் வாருங்கள் என்றார். எண்பது வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம், இன்னும் ஆறவில்லை.

அடுத்து ஓர் ஏஜென்ட். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்திலிருந்து கோப்பு எடுத்துத் தருகிறேன் என்று முன்பணம் வாங்கிக்கொண்டார். அங்கே இருப்பவை அமெரிக்கப் படையினரின் பணிக்கோப்புகள். அவற்றிலும் லட்சக்கணக்கானவை 1973 தீ விபத்தில் போய்விட்டன. பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்த சுபேதாரின் கோப்பு அங்கே எதற்கு இருக்கப்போகிறது? பணம் திரும்பி வரவில்லை. தயவுசெய்து இப்படி யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் வேற்று நாடு பதக்கம் கொடுத்தாலும் அதை அணிய பிரிட்டிஷ் மன்னரின் அனுமதி வேண்டும். எப்போதும் அணியலாம் என்ற முழு அனுமதி கிடைத்தவர்களின் பெயர்கள் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில், எந்த நாடு எந்தப் பதக்கம் கொடுத்தது என்ற தலைப்பின் கீழ் அச்சாகும். அதன் பழைய இதழ்களை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

பெயரை வைத்துத் தேடினால் நம்மவர்கள் அகப்பட மாட்டார்கள். ‘சாமி’ என்று முடிகிற பெயரை வெள்ளைக்கார எழுத்தர்கள் நாலைந்து விதமாக எழுதியிருப்பார்கள், இனிஷியல் இருக்காது, மங்கலான அச்சைக் கணினி வேறு தப்பாகப் படித்து வைத்திருக்கும். பதக்கத்தின் ஆங்கிலப் பெயரைப் போட்டு, 1944 முதல் 1949 வரை என்று காலத்தைக் குறுக்கி, வரும் பக்கங்களைக் கண்ணாலேயே படியுங்கள். அப்படித்தான் தாத்தா கிடைத்தார், பெயரில் ஓர் எழுத்து மாறி, ஆனால் படை எண் அச்சு அசலாக. அம்மா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

கெஜட் தேதி கையில் இருந்தால் மிச்சம் சுலபம். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 373 (WO 373, பிரிட்டிஷ் போர்த்துறைக் கோப்புகள்) என்ற வரிசையில் பரிந்துரைத் தாள்கள் இருக்கின்றன, கட்டணம் கட்டி இறக்கிக்கொள்ளலாம். என்ன வேலைக்காகப் பதக்கம் என்பது அதில்தான் வரும்.

அமெரிக்கா மட்டும் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டைச் சேர்ந்த சுபேதார் நாராயண ராவ் நிக்கம், ஈரான் வழியாகச் சோவியத் படைக்குச் சரக்குக் கொண்டுபோனதற்காக 1944-இல் அவர்களுடைய செந்நட்சத்திர விருது பெற்றவர்.

கெஜட்டில் இல்லையென்றால் உடனே கைவிட்டுவிடாதீர்கள். குறிப்பிட்ட நிகழ்ச்சிகளில் மட்டும் அணியலாம் என்ற அனுமதி தனிக் கடிதமாகத்தான் வரும், கெஜட்டில் ஏறாது. பழைய காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். பதக்கத்தை மட்டும் பாலிஷ் போடவோ புதிதாகப் பெயர் வெட்டவோ கொடுத்துவிடாதீர்கள்.