14லிருந்து 5: பாய்லரோடு ஒரு மாத மல்லுக்கட்டு

நேற்று இரவு 8 மணியிலிருந்து 9 மணிக்குள், எங்கள் வீட்டைச் சூடாக்கும் எரிவாயுப் பாய்லர் ஐந்தே முறைதான் எரிந்து அணைந்தது. போன மாதம் இதே ஒரு மணி நேரத்தில் 14 முறை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு கிழித்து எண்ணிய கணக்கு இது. முழு வெற்றி இல்லைதான். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கிழக்கு லண்டனில் பழைய வரிசை வீடு. குழாய்க்கு வெந்நீரும் அறைகளுக்குச் சூடும் சேர்த்தே தரும் 30 கிலோவாட் காம்பி பாய்லர், அதன் சுடுதண்ணீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் ஏழு ரேடியேட்டர். ஒன்றேகால் நிமிடம் எரியும், மூன்று நிமிடம் ஓய்வெடுக்கும், மறுபடி பற்றிக்கொள்ளும். மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா, "ஏம்ப்பா, இதற்கு என்ன இரைப்பு நோயா?" என்றே கேட்டுவிட்டார்.

முதலில் வந்த பழுதுபார்ப்பவர் வெப்ப உணரியை மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டு போனார். மறுநாளும் அதே இரைப்பு. இரண்டாமவர் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் புதுப் பாய்லரின் விலையைச் சொன்னார். எரிவாயுப் பக்கம் கை வைக்க, எரிவாயு வேலை செய்பவர்களுக்கான கேஸ் சேஃப் பதிவு வேண்டும். அது என்னிடம் இல்லை. ஆகவே தண்ணீர்ப் பக்கத்தை மட்டும் கையில் எடுத்தேன். முதலில் பாய்லரின் அமைப்பில் ஓய்வு நேரத்தை ஐந்து நிமிடமாகக் கூட்டிப் பார்த்தேன். எண்ணிக்கை குறைந்தது, நோய் அப்படியே இருந்தது. பழையபடி மூன்றுக்கே மாற்றிவிட்டேன். எண்ணுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அறைச் சூட்டைக் கவனிக்கும் தெர்மோஸ்டாட்டுகளில் சில, தாமாகவே மணிக்கு ஆறு முறை பாய்லரை நிறுத்தித் தொடங்கும். அதை 25 டிகிரிக்கு உயர்த்தி வைத்துவிட்டு எண்ணினால்தான் பாய்லரின் சொந்தக் குறை தெரியும்.

மூன்று ரேடியேட்டர்கள் வெதுவெதுப்பைத் தாண்டவே இல்லை. ரேடியேட்டரின் ஒரு முனையில், அறைச் சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் வெப்பநிலை வால்வின் தலையைக் கழற்றினால் உள்ளே ஊசி இறங்கியபடி இறுகிக் கிடந்தது. ஸ்பானரின் பிடியால் பக்கவாட்டில் மெல்லத் தட்டி, நாணயத்தை வைத்து அழுத்தி அழுத்தி விட்டதும் மேலே வந்தது. குறடு போட்டு இழுத்துவிடாதீர்கள். ஊசி கையோடு வந்தால் பின்னாலேயே கருப்புத் தண்ணீரும் வரும்.

அடுத்து, எந்த ரேடியேட்டருக்கு எவ்வளவு தண்ணீர் என்று மறுமுனை வால்வில் பங்கிடும் வேலை. இங்கேதான் அரை நாள் போயிற்று. அகச்சிவப்பு வெப்பமானியைச் செப்புக் குழாயின் மேல் காட்டினால் 38 டிகிரி என்கிறது. குழாயிலோ கை வைக்க முடியவில்லை. கருவி பழுது என்று கடையைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது: பளபளக்கும் செம்பு தன் வெப்பத்தை அதிகம் வெளிக்காட்டாது, அறையின் வெப்பத்தையே கண்ணாடிபோலத் திருப்பிக் காட்டும். கருப்பு மின்நாடாவை ஒரு சுற்று ஒட்டி அதன் மேல் காட்டினேன்: 66. அன்றே 14 இடங்களில் நாடா ஒட்டினேன். கூடத்துக் குழாய்களைப் பார்த்து மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையே போதும்.

பாய்லருக்கு அருகிலுள்ள ரேடியேட்டருக்குக் கால் சுற்றுத் திறப்பே அதிகம். ஒன்றைத் திருகினால் மற்ற ஆறும் மாறும். ஒவ்வொரு திருகலுக்குப் பிறகும் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். இரண்டு வார இறுதிகளில் எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே நிலைக்குக் கொண்டுவந்தேன். போகும் தண்ணீர் 70, திரும்பும் தண்ணீர் 50.

எண்ணிக்கை ஆறாகக் குறைந்து அங்கேயே நின்றது. ஏன் என்று பார்க்க, பாய்லர் தன் மிகக் குறைந்த சுடருக்கு இறங்கிய சமயத்தில் வாசலில் குளிரில் நின்று கேஸ் மீட்டரைப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் 24 லிட்டர். மணிக்கு 0.72 கன மீட்டர்; கன மீட்டருக்குச் சுமார் 11.2 கிலோவாட் மணி என்றால் 8 கிலோவாட். புகையோடு போவது போகத் தண்ணீருக்கு 7க்குச் சற்று மேல். அதற்குக் கீழே இறங்க இந்தப் பாய்லருக்குத் தெரியாது. ஏழு ரேடியேட்டர்களின் அட்டவணைத் திறன் மொத்தம் 9.2 கிலோவாட். அந்தக் கணக்கு, ரேடியேட்டர் அறையைவிட 50 டிகிரி சூடாக இருந்தால் மட்டுமே பொருந்தும். என் 70/50க்குக் கிடைப்பது 6.9. பாய்லர் தருவதைவிட ரேடியேட்டர்கள் வாங்குவது குறைவு; மீதிச் சூடு போக இடமில்லாமல் அது அணைந்துவிடுகிறது.

இப்போது புரிகிறதா? எரிவாயு மிச்சமாகும் என்று எல்லோரும் சொல்வதுபோலப் போகும் தண்ணீரை 55 டிகிரிக்கு இறக்கினால் ரேடியேட்டர்கள் ஐந்து கிலோவாட்டைக்கூட வாங்கமாட்டா, இரைப்பு கூடும். அந்த அறிவுரை நல்ல அறிவுரைதான், நன்றாக இறங்கி எரியத் தெரிந்த பாய்லருக்கு. எனக்கு 70தான் சரி. திரும்பும் தண்ணீர் 55க்குக் கீழே இருப்பதால் புகையின் நீராவி குளிர்ந்து தரும் வெப்பமும் கைவிட்டுப் போகவில்லை. படுக்கையறை வெப்பநிலை வால்வுகளையும் முழுதாகத் திறந்து வைத்ததும் ஆறு ஐந்தாயிற்று.

மீதி ஐந்தையும் ரேடியேட்டர் வழியாகத்தான் குறைக்க வேண்டும். சமையலறையில் இருப்பது ஒற்றைத் தகடு. அதே அளவில் இரட்டைத் தகடு மாட்டினால் ஏறத்தாழ இரு மடங்கு வெப்பம். காலை ஏழு மணிக்கே திறக்கும் குழாய்க் கடையில் விலை கேட்டுவிட்டேன். இணையத்தைவிட மலிவு, வேனில் ஏற்றி அனுப்பவும் செய்கிறார்கள். தண்ணீரை வடிக்கும்போதே துருத் தடுப்பானையும், கருப்புச் சேற்றைப் பிடிக்கும் காந்த வடிகட்டியையும் சேர்த்துப் போட்டுவிடலாம். வடிகட்டியை எங்கே மாட்டுவது என்று நேற்றே குழாயில் சாக்பீஸால் குறி போட்டாயிற்று.

ஆனால் அதற்கு முன், அளவுக்கு மீறித் திருகியதில் கூடத்து வால்வு சொட்டத் தொடங்கியிருக்கிறது. அடியில் தயிர் டப்பா வைத்திருக்கிறேன். காலைக்குள் பாதி நிறைகிறது.