தண்ணீரை ஒட்டிப் பறக்கும் கப்பல்

கண்மாய் நிறைஞ்சு கிடக்கும்போது கூழைக்கடாவைக் கவனித்துப் பாருங்கள். தண்ணீரை ஒட்டி, இறக்கையை அடிக்காமலே வெகுதூரம் வழுக்கிக்கொண்டு போகும். இறக்கைக்கும் தண்ணீருக்கும் நடுவில் அகப்படும் காற்று அதைத் தாங்குகிறது. இறக்கை நுனியில் சுழலும் காற்றும் அடங்கிவிடுவதால் பின்னால் இழுக்கும் இழுவை விசை குறைகிறது.

இந்தச் சூட்சுமத்தை வைத்து சோவியத் பொறியாளர் ரொஸ்தீஸ்லாவ் அலெக்சேயெவ் 1966-ல் காஸ்பியன் கடலில் தண்ணீரை ஒட்டிப் பறக்கும் ஒரு ராட்சசக் கப்பலையே ஓடவிட்டார். பெயர் ‘கேஎம்’. 92 மீட்டர் நீளம், 544 டன் வரை எடை, பத்து ஜெட் எஞ்சின்! அதில் எட்டு முன்பக்கம். கிளம்பும்போது இறக்கைக்கு அடியில் காற்றை ஊதித் தள்ளுவதற்கு. வேகம் பிடித்தபின் வாலில் உள்ள இரண்டே போதும். உளவு செயற்கைக்கோள் படத்தில் இதைப் பார்த்த அமெரிக்கர்கள் என்னவென்று புரியாமல் குழம்பினார்கள். 1980-ல் விபத்தில் மூழ்கிப்போனது. அதன் வாரிசு ‘லூன்’ 2020-ல் ரஷ்யாவின் தெர்பெந்த் நகரக் கரைக்கு இழுத்துவரப்பட்டது.

இப்போது சிங்கப்பூரில் சின்னதாக, பயணிகளுக்கென்று ‘ஏர்ஃபிஷ்’. நம்ம சென்னை ஐஐடியில் முளைத்த ‘வாட்டர்ஃபிளை’ நிறுவனமும் இதே வேலையில் இறங்கியிருப்பதைப் படித்ததும் மனசு நிறைஞ்சுபோச்சு.

அலை உயர்ந்தால் இந்த வகைக் கப்பலுக்குச் சிரமம், சட்டென்று திரும்பவும் முடியாது. ஆனால் தொண்டிக்கு எதிரே பாக் விரிகுடா ஆழமில்லாத, பெரும்பாலும் அடங்கிய கடல். சோதனை ஓட்டத்துக்கு இந்தப் பக்கத்தையும் பார்க்கணும் என்பது என் ஆசை.

“ஐயா காலத்துல பர்மாவுக்கு நாள்கணக்கா கப்பல்ல போனாக. நாம இதுல யாழ்ப்பாணம் போகலாமா சித்தப்பா?” என்று கேட்கிறான் அண்ணன் மகன். தொண்டியிலேயே ஏறலாம்டா அப்பு!