தைராய்டு என்று சொல்லிவைத்தோம்

சொல்தா குடும்பத்தில், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள் வீட்டில், வாழ்க்கைப்பட்டால் பாரிஸ் நிச்சயம் என்பது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, எழுதிக்கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடிக்கலாம் என்று ஒப்பந்தம் இருந்தது. என் கணவரின் தாத்தா எழுதிக்கொடுத்தவர். அந்தக் கையெழுத்தின் புண்ணியத்தில் பாரிசுக்கு வடக்கே சார்செலில் குடியேறினேன்.

டிசம்பரில் அங்கே மாலை ஐந்து மணிவாக்கிலேயே இருட்டத் தொடங்கிவிடும். குளிரைச் சமாளித்துவிட்டேன். இரண்டாவது குளிர்காலத்தில் படுக்கையை விட்டு எழுவதே மலைப்பாகிவிட்டது. தலை வாரவும் தோன்றவில்லை, அழுகையும் வரவில்லை. கண் பட்டிருக்கும் என்று அம்மா வில்லியனூர் மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். நாங்கள் இந்துக்கள்தான், புதுச்சேரிக்காரர்களுக்கு அந்த மாதா பொது.

குடும்ப மருத்துவர் தூக்கம், பசி எல்லாம் விசாரித்தார். சாகலாம் என்று தோன்றுகிறதா என்பதையும் இரத்த அழுத்தம் பார்ப்பதுபோல நிதானமாகவே கேட்டார். மனச்சோர்வு நோய் என்று சொல்லி மாத்திரை எழுதினார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும், நீங்களாக நிறுத்தக்கூடாது என்றார். விடுப்புச் சீட்டும் தந்தார். அதில் முதலாளிக்குப் போகும் பகுதியில் நோயின் விவரம் இருக்காது. அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் என் பயம் முதலாளி இல்லை. லா ஷப்பேல் கடைத்தெருவில் கறிவேப்பிலை வாங்கப் போனால் ஊர்க்காரர் யாராவது எதிர்ப்படுவார். அங்கே காலையில் வாய்விட்டால் மாலைக்குள் முத்தியால்பேட்டைக்குச் செய்தி போய்விடும். ஊரில் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே எனக்குத் தைராய்டு என்று அம்மா முடிவு செய்தார்.

அறியாமையால்தான் மறைக்கிறார்கள் என்று யாராவது பேசினால் எனக்குச் சிரிப்பு வரும். அம்மா பள்ளி ஆசிரியை. இது நோய் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். பரம்பரை என்று சொல்லிச் சம்பந்தத்தைத் தட்டிவிடுவார்களே என்பதுதான் கவலை. விழிப்புணர்வுச் சுவரொட்டி அதற்கு என்ன செய்யும்?

தங்கையின் கல்யாணப் பேச்சுக்கு மாமியாரோடு ஊருக்குப் போயிருந்தேன். "மூத்தவளுக்கு என்னவோ உடம்பு சரியில்லையாமே?" என்றார் மாப்பிள்ளையின் பெரியம்மா. அம்மா தைராய்டு என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்: "மனச்சோர்வு. வைத்தியம் பார்த்தோம், தேறிவிட்டாள், வேலைக்கும் போகிறாள். இதோ உட்கார்ந்திருக்கிறாளே, அவளையே கேளுங்கள்."

அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பெரியம்மா அங்கே ஒன்றும் கேட்கவில்லை. காபித் தம்ளரோடு பின்கட்டுக்கு வந்து, மாத்திரை பழகிவிடுமா என்று மெல்ல விசாரித்தார். லாஸ்பேட்டையில் அவருடைய மகன் கல்லூரியை விட்டுவிட்டு அறைக்குள்ளேயே கிடக்கிறானாம், வெளியே சொல்லவில்லையாம். தூக்க மாத்திரைபோல இது அடிமையாக்காது என்றேன். கோரிமேட்டு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருப்பதையும், 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம் என்பதையும் சொன்னேன். அவர் எண்ணைக் கைப்பேசியில் 'தையல்காரர்' என்று பதிந்துகொண்டார். தேறியவர்களோடு நேரில் பழகுவதே இந்தக் களங்கத்தைக் குறைக்க மிகவும் உதவுகிறது என்று 2022இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் எழுதியதைப் பின்னால் படித்தேன். என் மாமியார் அதையெல்லாம் படித்தவரில்லை.

சம்பந்தம் முடிந்தது. நகைப் பேச்சில்தான் இரண்டு வாரம் இழுத்தடித்தார்கள்.