அண்ணாவுக்கு மருந்து கூடவில்லை

பித்தப்பைக் கல்லுக்கு ஒப்பரேசன் திகதி கிடைத்ததும் மயக்க மருந்து கிளினிக்குக்கு அனுப்பினார்கள். திருகோணமலை உவர்மலையிலிருந்து அம்மாவும் கூட வந்தா. "வீட்டில ஆருக்கும் மயக்க மருந்தால பிரச்சினை வந்ததா?" என்று டொக்டர் கேட்டார். இல்லை என்றேன்.

அம்மா விடவில்லை. "மூத்தவனுக்கு மருந்து கூடக் குடுத்திட்டாங்கள் ஐயா. நெத்தியில கை வைக்கேலாமக் கிடந்தது, கன்னியா வெந்நீர்க் கிணறு மாதிரி."

அண்ணா 1996இல், அப்பென்டிக்ஸ் ஒப்பரேசனில் போனவர். டொக்டர் பேனையை வைத்துவிட்டு, வாய் இறுகினதா, சலம் என்ன நிறம் என்று கேட்டார். "பிளேன்டீ நிறம்" என்றா அம்மா. அத்தனை வருடம் எங்களிடம் ஒருவரும் கேட்காத கேள்வி.

டொக்டர் சொன்ன பெயர் மலிக்னன்ட் ஹைபர்தேர்மியா. தசைக் கலத்துக்குள் கல்சியம் சேமித்த பை ஒன்று இருக்கிறது. அதன் கதவு ரயனோடின் ஏற்பி. நரம்பு சொன்னால் திறக்கும், கல்சியம் வெளியே வரும், தசை சுருங்கும். பிறகு பம்ப் கல்சியத்தைத் திரும்ப உள்ளே இழுக்கும். சிலருக்கு அந்தக் கதவின் மரபணுவில் பிழை. ஹாலோதேன், செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுக்களும், தசையைத் தளர்த்தும் சக்சாமெத்தோனியமும் பட்டால் கதவு சாத்தாது. தசை இறுகி, எரிபொருளை எரித்துத் தள்ளும். மூச்சில் காபனீரொக்சைட்டு முதலில் ஏறும். காய்ச்சல் பெரும்பாலும் பிந்தித்தான். உடையும் தசையின் நிறம் சலத்தில் கலந்ததுதான் அந்தப் பிளேன்டீ.

"அப்ப மருந்து கூடேல்லையா?"

"அளவாக் குடுத்தாலும் வரும் அம்மா. கூடப்பிறந்தவருக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இவருக்கும் இருக்கெண்டே எடுப்பம்."

உறுதிப்படுத்தத் தசைத் துண்டு வெட்டி கஃபீனிலும் ஹாலோதேனிலும் சோதிப்பார்களாம். அதற்கான ஆய்வுகூடங்கள் சில நாடுகளில்தான். திகதி தள்ளிப்போனது. எனக்கு எரிச்சல்தான், கல்லு வலி அப்படி.

தள்ளியது டான்ட்ரோலீனுக்காக. கதவைச் சாத்தும் மருந்து அது. ஒரு குப்பியில் 20 மில்லிகிராம் செம்மஞ்சள் தூள், 60 மில்லிலீற்றர் தண்ணீரில் குலுக்கிக் கரைக்க வேண்டும். 64 கிலோ எனக்கு முதல் டோசுக்கே எட்டுக் குப்பி. "ஆள் பிடிச்சு நிண்டு குலுக்கோணும்" என்று சிரித்தார்.

அன்று காலையில் முதல் கேஸ் நான். வாயு மருந்துப் பெட்டிகளைக் கழற்றி, மெஷினை ஒட்சிசனால் நெடுநேரம் கழுவியிருந்தார்கள். மயக்க எனக்கு வாயு இல்லை, நாளத்தால் ஏற்றும் புரோபோஃபோல்தான். டான்ட்ரோலீன் குப்பிகளைத் திறக்க வேண்டி வரவில்லை.

டயக்னோசிஸ் கார்ட்டில் சிவப்பால் எழுதித் தந்ததை மூன்று போட்டோக்கொப்பி எடுத்தேன். ஒன்று மகளுக்கு. ஒன்றை அம்மா வாங்கி, அண்ணாவின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் இருக்கிற பையில் வைத்தா.