ரெண்டரைப் பேர் கணக்கு

'மாரடைப்பு ஆபத்து 31 சதவீதம் குறையும்' என்று சொல்லியிருந்தால் அந்த மளிகைக் கடைக்காரர் பேசாமல் கொலஸ்ட்ரால் மாத்திரையை வாங்கிக்கொண்டு போயிருப்பார். அது பொய்யும் இல்லை. 1995-இல் வெளிவந்த ஸ்காட்லாந்து ஆய்வின் முடிவே அதுதான். கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்த, அதுவரை மாரடைப்பு வராத 6,595 ஆண்கள். பாதிப் பேருக்கு கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பிராவஸ்டாடின் மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. ஐந்து வருடம் போல ஆனபோது போலி மாத்திரைக்காரர்களில் 100-க்கு சுமார் எட்டுப் பேருக்கு மாரடைப்போ இதய நோய் மரணமோ நேர்ந்திருந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் ஐந்தரை. எட்டு ஐந்தரை ஆவதைத்தான் 31 சதவீதம் என்கிறோம்.

நான் எட்டையும் ஐந்தரையையும் சொன்னேன். அவருக்கு வயது 48, கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல் 178, சர்க்கரை இல்லை. ரிப்போர்ட்டின் பின்பக்கமே கழித்துப் பார்த்தார்.

"அப்போ டாக்டரம்மா, நூறு பேர் அஞ்சு வருஷம் தினமும் முழுங்கினா ரெண்டரைப் பேருக்குத்தான் மிச்சமா? மத்தவங்க?"

"தொண்ணூத்திரண்டு பேருக்கு மாத்திரை இல்லாட்டியும் வந்திருக்காதுங்க. சிலருக்குச் சாப்பிட்டும் வரும்."

"நான் அதுல யாரு?"

"அது யாருக்கும் தெரியாது."

சிரித்தார். நடக்கிறேன், எண்ணெயைக் குறைக்கிறேன் என்றார். மாத்திரை வேண்டாமாம்.

இந்தக் கணக்கு ஐந்து வருடத்தோடு நிற்பதில்லை, உங்கள் வயதுக்கு இன்னும் எத்தனையோ வருடப் பலன் இருக்கிறது, நம்மூர்க்காரர்களுக்கு மாரடைப்பு சில வருடம் முன்னதாகவே வருகிறது என்றெல்லாமும் சொல்லத்தான் செய்தேன். அவர் காதில் ரெண்டரை மட்டும் ஏறிவிட்டது.

'நல்லதுக்குத்தான், சாப்பிடுங்கன்னு சொல்லிட்டுப் போறதை விட்டுட்டு...' என்கிறார் கூட வேலை பார்க்கும் மருத்துவர். ஏற்கெனவே அட்டாக் வந்தவரிடம் நானும் அப்படித்தான் சொல்கிறேன். கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. நோயே இல்லாதவரைத் தினமும் மாத்திரை போடச் சொல்லும்போது அவருக்குக் கணக்குத் தெரிய வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் அடுத்த வாரம் அதே மாதிரி ஒரு ரிப்போர்ட்டோடு வந்தவரிடம், 'மூணுல ஒரு பங்கு குறையும்' என்றுதான் வாயில் வந்தது. சரிங்கம்மா என்று சீட்டை வாங்கிக்கொண்டார்.

கடைக்காரரை மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன். எல்டிஎல் இறங்காமல் வந்தால் பேச்சை எங்கே ஆரம்பிப்பது? 31 என்றால், 'அன்னிக்கு ரெண்டரைன்னீங்களே' என்பார். கடைக்காரர், விடமாட்டார்.