மூணு ஆடு

ஜூலை 8

இரண்டாம் ஆண்டு பி.எட். மாணவர்கள் பள்ளிகளுக்குப் போக இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. போனால் பதினாறு வாரம் அங்கேதான். ஆங்கிலம் கற்பித்தல் பிரிவில் 22 பேர். இன்று அவர்களிடம் ஓர் ஆறாம் வகுப்புப் பையனின் கட்டுரையை நகலெடுத்துக் கொடுத்துத் திருத்தச் சொன்னேன். தலைப்பு ‘மை வில்லேஜ்’. பத்தே நிமிடத்தில் 22 தாளும் சிவப்பு மையோடு திரும்பி வந்தன.

பையன் எதைப் பற்றி எழுதியிருக்கிறான் என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் வந்த அன்று எல்லோரும் கரையில் கூடி நின்றதை எழுதியிருந்தான். மனசு கனத்துப்போனது.

ஜூலை 9

அதே கட்டுரையைக் கரும்பலகையில் எழுதினேன். இன்று திருத்த வேண்டாம், ஒவ்வொரு தவறும் எங்கிருந்து வந்திருக்கும் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

‘த்ரீ கோட்’ என்று எழுதியிருந்தான். “எஸ் போட மறந்துட்டான் மேம்” என்றாள் ஒரு மாணவி. உங்கள் வீட்டில் எத்தனை ஆடு என்று கேட்டேன். “மூணு ஆடு” என்றவள், சொன்ன வேகத்திலேயே நிறுத்திக்கொண்டாள். மூணு ஆடுகள் என்று நம் ஊரில் யார் பேசுகிறார்கள்? எண் வந்துவிட்டால் ‘கள்’ நமக்குத் தேவைப்படுவதில்லை. பையன் அந்தப் பழக்கத்தோடுதான் ஆங்கிலத்துக்குள் வந்திருக்கிறான்.

அடுத்தது, ‘வென்ட்’ வர வேண்டிய இடத்தில் ‘கோ’வோடு ‘எட்’ ஒட்டியிருந்தான். இது தமிழிலிருந்து வந்ததல்ல, யாரும் சொல்லிக் கொடுத்ததும் அல்ல. ‘வாக்ட்’, ‘பிளேட்’ எல்லாம் பார்த்து அவனே ஒரு விதியைக் கண்டுபிடித்திருக்கிறான். ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த குழந்தைகளும் இதையேதான் செய்கின்றன. மாணவரின் பிழைகளுக்குப் பின்னால் அவர் தானே கட்டிக்கொண்ட ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று மொழியியலாளர் பிட் கார்டர் 1967-இல் எழுதியதை அப்புறம்தான் சொன்னேன். முந்தைய நாளே சொல்லியிருந்தால் குறிப்பெடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

ஜூலை 11

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். வகுப்பில் பலருக்குத் தெலுங்கு தெரியாது. உள்ளே நுழைந்ததும் “கூர்சோண்டி” என்று தொடங்கி அரை மணி நேரம் தெலுங்கு மட்டுமே பேசினேன். சொல்வது, செய்து காட்டுவது, பிறகு செய்து காட்டாமல் சொல்வது. உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் சொன்ன வழி இது: கட்டளையைக் கேட்டு உடம்பால் பதில் சொல்வது. உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள், தலுபு என்றதும் கதவைத் திறந்தார்கள். நன்றாகவே போனது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள் என்று கையால் காட்டினேன். அறையில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு மாணவர் மட்டும் துணிந்து, “தலுபு கூர்சோண்டி” என்றார். கதவை உட்காரச் சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு மணி அடிக்கும்வரை அவர் பேசவே இல்லை.

வீட்டில் தெலுங்கு பேசும் இரண்டு மாணவிகளைப் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிக்கச் சொல்லியிருந்தேன். யார் சிரித்தார்கள், யார் எப்போது மௌனமானார்கள் என்று அவர்கள் எழுதியதை வாசிக்கச் சொன்னேன். “புரிஞ்சது மேம், ஆனா வாய் வரல” என்றார் அந்த மாணவர். மொழியியலாளர் கிராஷன் சொல்லும் மௌன காலம் (பேசாமல் கேட்டு மட்டும் கற்கும் தொடக்க நாட்கள்), பயம் வந்தால் மனசுக்குள் விழும் தடுப்பு எல்லாவற்றுக்கும் இதைவிட நல்ல உதாரணம் என்னால் தர முடியாது. பேச வைக்காமல் கேட்க மட்டும் விட்டால் போதாது என்று கனடாவின் பிரெஞ்சு வழி வகுப்புகளைப் பார்த்து மொழியியலாளர் மெரில் ஸ்வெயின் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். நான் இரண்டு பேரையும் நம்புகிறேன். வாய் திறக்கச் சொல்ல வேண்டும், திறந்தவனைப் பார்த்துச் சிரிக்க விடக் கூடாது.

ஜூலை 16

இன்று ஆங்கிலம் கற்பித்தல் அறிஞர் என். எஸ். பிரபு பற்றிய பாடம். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில் அவர் நடத்திப் பார்த்த திட்டத்தில் இலக்கண வரிசை கிடையாது. ரயில் அட்டவணை, வரைபடம், கணக்கு மாதிரியான சிக்கல்களைத் தருவார்கள். பிள்ளைகளின் கவனம் விடையில் இருக்கும், மொழி அதன் வழியாக உள்ளே போகும். உலகம் முழுக்கப் பேசப்படும் ஒரு முறை நம் ஊர் வகுப்பறைகளில் முளைத்தது. அதைக் குறுவினாவாகப் படித்துவிட்டுப் போக இவர்களை விடப் போவதில்லை.

ஜூலை 29

பள்ளியில் கவனிப்பு. ஏழாம் வகுப்பு, 41 பிள்ளைகள். பாடம் எடுத்தவர் ‘தலுபு கூர்சோண்டி’ சொன்ன அதே மாணவர். பலகையில் திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு நான்கு பஸ் நேரம். பாட்டி பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், பயணம் 50 நிமிடம், எந்த பஸ்?

பிள்ளைகள் தமிழில் கத்திப் பேசினார்கள். அவர் என்னைப் பார்த்தார். இருக்கட்டும் என்று தலையாட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் எழுந்து, “சார், நைன் தேர்ட்டி பஸ் கோ, லேட்” என்றாள். “யெஸ், தி நைன் தேர்ட்டி பஸ் வில் பி லேட்” என்றார் அவர், திருத்துகிற குரல் துளியும் இல்லாமல். உட்காரும்போது அவளாகவே மெல்ல, “வில் பி லேட்” என்று சொல்லிக்கொண்டாள்.

வழிகாட்டி ஆசிரியை பிறகு என்னிடம் பேசினார். காலாண்டுக்குள் போர்ஷன் முடிக்க வேண்டும், தேர்வில் எழுதினால்தான் மார்க். அவர் சொல்வது நியாயம்தான், ஐந்து வகுப்புகளைச் சுமக்கிறார். வாரத்தில் இரண்டு பீரியட் இப்படி, மற்றவை பாடம் என்று முடிவு செய்தோம். எனக்கு இன்னும் ஒன்று வேண்டும். கேட்டுக்கொண்டே இருப்பேன்.

ஆகஸ்ட் 12

ரெக்கார்டு நோட்டுகள் வந்தன. ‘தலுபு கூர்சோண்டி’ மாணவர் தன் பாடத் திட்டத்தின் ஓரத்தில் ஸ்கேலால் கோடு போட்டு ‘எங்கிருந்து?’ என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்.

ஒரு சிறுமி தன் அக்காவைப் பற்றி எழுதும்போது ‘ஷி’ போடாமல் எல்லா இடத்திலும் ‘இட்’ போட்டிருக்கிறாள். அதற்கு எதிரே அவர் எழுதியது: ‘நம்ம பக்கம் அக்கா வந்துச்சு, அக்கா நல்லா படிக்கும் என்று சொல்வதாலா?’

நல்ல ஊகம். ஆனால் தெலுங்கில் ‘அவள் வந்தாள்’, ‘அது வந்தது’ இரண்டுக்கும் வினைமுற்று ஒன்றுதான். அந்தப் பிள்ளை வீட்டில் என்ன பேசுகிறாள் என்று நாளைக்குக் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.