நடுவழியில் வண்டி நின்றால்: மெமோவிலிருந்து அப்பீல் வரை

கொருக்குப்பேட்டைக்கும் எண்ணூருக்கும் நடுவே சரக்கு வண்டியில் வி.சி.பி. (எஞ்சினின் முதன்மை மின் சுவிட்ச்) விழுந்து மூடாமல் கால் மணி நேரம் நின்றால், பின்னால் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்கள் வரிசையாக மாட்டிக்கொள்ளும். கோளாறு சின்னதுதான். ஆனால் விளக்கம் கேட்டுக் காகிதம் வந்துவிடும். அங்கே எஞ்சின் ஓட்டும் லோகோ பைலட்டைக் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் நேரக் குறிப்புதான்.

ஒரே சம்பவத்துக்கு மூன்று கடிகாரம்: சிக்னல் மாற்றங்களைப் பதியும் ஸ்டேஷன் ரிலே அறையின் டேட்டா லாகர், எஞ்சினின் ஸ்பீடோமீட்டர், நம் கைக்கடிகாரம். இவை ஒத்துப்போவது அபூர்வம். எஞ்சினில் ஏறியதுமே ஸ்பீடோமீட்டர் காட்டும் நேரத்தையும் கைக்கடிகார நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்து வையுங்கள். மஞ்சளாக இருந்த சிக்னல் கண்ணெதிரே சிவப்புக்கு விழுந்த வழக்கில் இந்த ஒரு வரிதான் ஆதாரம். வித்தியாசம் எத்தனை விநாடி என்று தெரியாவிட்டால், சிவப்பு விழுந்தது முதலா, எஞ்சின் கடந்தது முதலா என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. பழி ஓட்டியவர் மேல்தான் விழும்.

கோளாறைப் பதியும் மெமோவை இரண்டு பிரதியாக எழுதி, ஸ்டேஷன் மாஸ்டரிடம் நேரத்தோடு கையெழுத்து வாங்குங்கள். டபிள்யூ.ஏ.ஜி.-9 வகை மின்சார எஞ்சின் என்றால் திரையில் வந்த ஃபால்ட் எண்ணை எழுத்துப் பிசகாமல் குறியுங்கள். பான்டோ (மேல் மின்கம்பியைத் தொடும் கை) நிலை, எம்.ஆர். (முதன்மைக் காற்றுத் தொட்டி) பிரஷர், எஞ்சின் கன்ட்ரோலரான டி.எல்.சி.யிடம் சொன்ன நேரம், அவர் சொன்ன பதில் எல்லாம் வரட்டும். எஞ்சின் ஷெட்டுக்குப் போனபின் "சோதனையில் கோளாறு இல்லை" என்று அறிக்கை வந்தால், அதே கோளாறு உங்களுக்குச் சரிசெய்யத் தெரியவில்லை என்ற குற்றச்சாட்டாக உருமாறும். பிரேக் பிடிக்கவில்லை என்பது உங்கள் வாதமானால், பிரேக் பவர் சர்டிபிகேட் எண்ணும் கிளம்பியதும் செய்த பிரேக் ஃபீல் டெஸ்ட் எந்தக் கிலோமீட்டரில் என்பதும் இல்லாமல் அது எடுபடாது.

காரணத்தை ஊகித்து எழுதாதீர்கள். "கம்பி தளர்ந்திருக்கலாம்" என்று எழுதிவிட்டு, குறுக்கு விசாரணையில் திணறியவர்கள் உண்டு. அசிஸ்டெண்ட் லோகோ பைலட் தன் வாக்குமூலத்தைத் தன் சொந்த வார்த்தையில் எழுதட்டும். ரயில்வே பொது விதி 3.83-படி இருவரும் சிக்னலைக் கூவிச் சொன்னதை இருவருமே குறிப்பிட வேண்டும். வரிக்கு வரி ஒரே மாதிரி இருந்தால் சொல்லிக்கொடுத்ததாகவே பார்ப்பார்கள். படிக்கத் தெரியாத மொழியில் பிறர் எழுதியதில் கையெழுத்துப் போட வேண்டாம். தமிழில் எழுதிக் கொடுங்கள்.

ஸ்பாட் (எஸ்.பி.ஏ.டி.), அதாவது சிவப்பு சிக்னலைக் கடந்த வழக்கு என்றால், உடனே இறக்கிவிடுவார்கள், குடித்திருக்கிறீர்களா என்று மூச்சுப் பரிசோதனை நடக்கும். மறுத்தால் அதுவே தனிக் குற்றம்.

சார்ஜ் ஷீட்டில் முதலில் பார்க்க வேண்டியது எஸ்.எஃப்.11-ஆ (சிறு தண்டனைக்கானது), எஸ்.எஃப்.5-ஆ (பெரிய தண்டனைக்கானது) என்பதை. இரண்டுக்கும் பதில் தர 10 நாள். டேட்டா லாகர் அச்சு, ஸ்பீடு சார்ட், ஷெட் அறிக்கை மூன்றின் நகலையும் முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். எஸ்.எஃப்.11 வந்தால் சின்னத் தண்டனைதானே என்று இரண்டு வரியில் மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிடுகிறார்கள். அது தவறு. இன்க்ரிமென்ட் 3 ஆண்டுக்கு மேல் நிறுத்தப்படுவதாக இருந்தாலோ, ஓய்வூதியத்தைப் பாதிப்பதாக இருந்தாலோ, 1968 ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 11(2)-படி விசாரணை நடத்தியே ஆக வேண்டும். எஸ்.எஃப்.5 விசாரணையில் துணைக்கு இன்னொரு ரயில்வே ஊழியரை, ஓய்வுபெற்றவரையும்கூட, அழைத்துப் போகலாம். விதியும் எஞ்சினும் இரண்டும் தெரிந்த மூத்தவராகத் தேடுங்கள்.

தண்டனை உத்தரவு கைக்கு வந்ததும் கையெழுத்தின் கீழே தேதியைப் போடுங்கள். அப்பீலுக்கான 45 நாள் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.